முத்துவின் முகத்தை வைத்து ஒரு கேமரா சோதனை

11 நவம்பர், செவ்வாய்

காலையிலிருந்து டெல்லிப் புகைமூட்டம். எதிர் பிளாக் தெரியவில்லை. தொண்டை கரகர. இந்த வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் அழுது வடிந்துதான் எடுக்கும்.

கேமரா வந்துவிட்டது. லஞ்ச் டைமில் பக்கத்து சீட் ராகேஷ் பையோடு கொண்டுவந்து கொடுத்தான். அவன் சித்தப்பா மகனுடையது. மிரர்லெஸ், கொஞ்சம் பழசு. ஒரு வாரம் வைத்திருந்து வீடியோ தரம் பார்த்துவிட்டு, வாங்கலாமா என்று சொல்லணும். விலை பேசுவது ராகேஷ் பொறுப்பு, தரம் என் பொறுப்பு. செக்‌ஷனில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "டைரக்டர் சாப்" என்றார் ஒருத்தர். சிரித்து வைத்தேன். சம்பளப் பட்டியல் போடுகிற ஆள் நாற்பத்திரண்டு வயசில் குறும்படம் எடுக்கப் போகிறானாம். காது சூடாகிவிட்டது. பையைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளினேன்.

பார்க்க வேண்டியது:
– இருட்டில் புள்ளி புள்ளியாக வருகிறதா
– தோல் நிறம். நம் நிறம். போனெல்லாம் நம்மை வெளுத்தல்லவா காட்டுகிறது
– ஆட்டோ ஃபோகஸ் முகத்தை விடாமல் பிடிக்கிறதா
– வேகமாகத் திருப்பினால் கம்பம், கட்டடம் சாய்கிறதா
– ரொம்ப நேரம் ஓடினால் சூடாகி நிற்கிறதா

சத்தம் வேண்டாம். கேமராவுக்குள் இருக்கிற மைக்குக்கு மார்க் போடுவது வீண் வேலை, படத்துக்கு எப்படியும் தனி மைக்தான். இந்த வாரம் கண்ணுக்கு மட்டும் வேலை.

உமாவை ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். அப்பா வருகிறார், வீடு குப்பையாகக் கிடக்கிறது, இப்போதுதான் என் மூஞ்சி ஞாபகம் வந்ததாக்கும் என்று போய்விட்டாள். மாமனார் சனிக்கிழமை தென்காசியிலிருந்து வருகிறார். தலையணை உறை, கொசு மருந்து, சுக்குப் பொடி. மறக்கக் கூடாது.

12 நவம்பர், புதன்

ஆபீஸ் விட்டு நேரே சரோஜினி நகர் மார்க்கெட். கூட்டத்தில் ஃபோகஸ் எப்படி என்று பார்க்க.

ஒரு பெண் ஸ்வெட்டரை எடுத்துத் தன் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை பேர் குறுக்கே போனாலும் கேமரா அவள் முகத்தை விடவில்லை. எனக்கு ஒரே குஷி. இன்னும் கிட்டே போனேன். அவள் திரும்பிப் பார்த்தாள். "பூச் தோ லேதே, பையா" என்றாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று. கத்தவில்லை, திட்டவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் கண்ணெதிரே அழித்தேன். சாக்ஸ் விற்கிறவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். வெட்கமாகப் போய்விட்டது. மெட்ரோ ஏறுகிற வரை தலை நிமிரவில்லை.

ராகேஷுக்கு மெசேஜ்: ஃபோகஸ் ஃபர்ஸ்ட் கிளாஸ். மற்றதைச் சொல்லவில்லை.

இனி தெரிந்த முகம்தான். முத்துவைக் கேட்கலாம்.

13 நவம்பர், வியாழன்

அரை நாள் லீவு. முனிர்காவில் முத்துவின் அறை. இரண்டு பிரியாணிப் பொட்டலம்.

முத்து, உமாவின் தம்பி. ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிக்க வந்தவன், ஆறு வருஷமாக இந்தச் சந்தில்தான் இருக்கிறான். அவன் அறைக்குப் போய் எவ்வளவு நாளாச்சு என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான்.

சோதனைக்கு இதைவிட நல்ல அறை கிடைக்காது. ஒரே ஒரு டியூப் லைட். பின்சுவரில் பெரிய இந்திய வரைபடம், கட்டிலுக்கு அடியில் புத்தகம். படத்தில் டியூப் லைட் படபடவென்று அடித்தது, ஷட்டர் வேகத்தை மாற்றி ஐம்பதில் வைத்ததும் அடங்கிவிட்டது. ஏதாவது பேசிக்கொண்டே இரு, வாய் அசையணும் என்றேன். முதலில் என்ன பேச என்று முழித்தான். அப்புறம் நன்றாகவே பேசினான்.

குறிப்பு: தோல் நிறம் அருமை. கன்னத்தில் இருக்கிற பழைய அம்மைத் தழும்பு வரைக்கும் உள்ளது உள்ளபடி. கழுத்து நிழலில் லேசாகப் பச்சை. கருப்பில் புள்ளி கொஞ்சம், பொறுத்துக்கொள்ளலாம். சூடாகி நிற்கவில்லை. ஒரே குறை, அவன் தலையைக் குனிந்தால் முகத்தை விட்டுவிட்டு வரைபடத்துக்கு ஓடிவிடுகிறது. பேசப் பேசக் குனிகிறான். முக்கியமான இடத்தில் போய்விட்டது, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

என்ன பேசினான்? பரீட்சை, அப்பா வருகிறது, ஏதோ ஆஸ்பத்திரி. சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். கிளம்பும்போது சந்து முனை வரைக்கும் வந்தான். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெரிய பாரம் இறங்கிச்சு அத்தான், ரொம்ப தேங்க்ஸ் என்றான். பிரியாணிக்கா இவ்வளவு என்று நினைத்துக்கொண்டேன். பாவம், பையன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை போல.

15 நவம்பர், சனி

ரயில் லேட். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்து எடுத்துப் பார்த்தேன். திருப்பினால் மெட்ரோ தூண்கள் சாய்கின்றன. மெதுவாகத் திருப்பினால் சரி.

மாமா இரண்டு பெட்டியோடு இறங்கினார். ஒன்றைத் தூக்கவே முடியவில்லை. முழுக்கப் புத்தகம். திருநெல்வேலியில் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்து வாங்கினாராம், முத்துவுக்கு. சரித்திரம், பொருளாதாரம். ரயிலில் சீட்டுக்கு அடியில் வைக்க இடமில்லாமல் காலடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கால் வீங்கியிருக்கிறது.

ஆட்டோவில் கேட்டார்: "அவன் நல்லாப் படிக்கானா மாப்பிள்ளை?" படிக்கிறான் மாமா, முந்தாநாள்தான் போய்ப் பார்த்தேன், அறை முழுக்கப் புத்தகம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மைத்துனனை நேரில் போய் விசாரித்த மாப்பிள்ளை.

16 நவம்பர், ஞாயிறு

ஆத்திரத்தில் எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முத்து வந்தான். ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டை, ஸ்வீட் டப்பா. இவ்வளவு கலகலப்பாக அவனைப் பார்த்ததில்லை. அப்பாவிடம் வலியப் போய் உட்கார்ந்தான். சாம்பார் ஊற்றும்போது சாதாரணமாக, இன்றைக்கு க்ளினிக்கில் லீவு சொல்லிவிட்டு வந்தேன் என்றான். மாமா எந்தக் க்ளினிக் என்றார். முத்து என்னைப் பார்த்தான். உமாவைப் பார்த்தான். மறுபடி என்னை.

"அத்தான்ட்ட சொல்லிட்டேன்லா" என்றான். "உங்ககிட்ட சொல்லுதேன்னாங்களே."

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. எங்கிட்டயா, எப்ப சொன்ன என்றேன்.

அப்புறம்தான் வெளியே வந்தது. போன பரீட்சையையே எழுதவில்லையாம். ஒரு பல் டாக்டரிடம் முன்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற வேலை. மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "வேலைக்குப் போனதைக்கூட விட்டுருதேன். அத்தான் மேல எதுக்குல பழியைப் போடுத?" என்றார்.

முத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். இல்லை, எனக்கும் வாய் வந்தது. அறையில் வந்து பார்த்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய்யா என்று நீளமாகப் பேசினேன். எழுந்து கை கழுவினான், செருப்பை மாட்டினான், போய்விட்டான். சோறு அப்படியே.

உமா அழுகை. மாமா பால்கனியில், புகையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு அவன் வேலைக்குப் போனதில் கோபமில்லை. என்னை ஏன் இழுத்தான், அதுதான் தாங்கவில்லை.

17 நவம்பர், திங்கள்

சி.எல். லீவு போட்டேன். மாமா ஹாலில் பேப்பர். கேமராவை நாளை திருப்பித் தரணும், கார்டிலிருந்து எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றினேன். இந்த வாரம் முழுக்க சத்தமில்லாமல்தான் பார்த்தேன். இன்றைக்கு ஹெட்போன் மாட்டியிருந்தது. முனிர்கா கிளிப்பை ஓட்டினேன்.

கேட்டதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுதக் கூடாது.

முத்து: போன வருஷம் பரீட்சை எழுதலை அத்தான். சென்டர் வாசல் வரைக்கும் போனேன். எல்லாரும் உள்ள போறாங்க, எனக்குக் கால் வரலை. திரும்பி வந்துட்டேன். இப்ப ஒரு பல் ஆஸ்பத்திரில டோக்கன் குடுக்கேன். பிடிச்சிருக்கு. அப்பாட்ட சொல்ல எனக்கு வாய் வராது. அவங்க வந்ததும் நீங்க சொல்லிருங்க. ஞாயித்துக்கிழமை நான் வரும்போது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். சொல்லிருவீங்கள்லா?

ஒரு குரல்: சரி சரி. கண்டிப்பா.

அந்தக் குரல் என்னுடையது. அப்புறம் அதே குரல்: "முத்து, குனியாதே. முகத்தைத் தூக்கு. ஃபோகஸ் போயிடுச்சு. அதையே இன்னொரு தடவை சொல்லு, மெதுவா."

அவன் முகத்தைத் தூக்கி, மெதுவாக, இன்னொரு தடவை சொன்னான். சென்டர் வாசல், கால் வரவில்லை, எல்லாம். கண் கலங்கியிருக்கிறது. இந்தத் தடவை ஃபோகஸ் கண்ணிலேயே நின்றது. சூப்பர் என்றேன். அதுவும் பதிவாகியிருக்கிறது.

பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நேற்று அவன் என்னையே பார்த்தானே, அந்தப் பார்வைக்கு நான் உபதேசம் செய்திருக்கிறேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அவன் அப்பா முன்னால், பொய்யன் என்று.

இதையும் எழுதணும். கார்டை ஃபார்மேட் செய்தால் யாருக்கும் தெரியாது. லேப்டாப்பில் இருப்பதையும் அழித்துவிடலாம். முத்து சொன்னது அவனோடு போகும். மெனுவில் அந்த இடம் வரைக்கும் போனேன். விரல் பட்டன் மேல். மாமா ஹாலிலிருந்து, காபி குடிக்கீங்களா மாப்பிள்ளை, உமாவைப் போடச் சொல்லவா என்று கேட்டார். அவர் அப்படி மரியாதையாகக் கேட்டதுதான் என்னை நிறுத்தியது. நல்ல மனசால் ஒன்றும் நிறுத்தவில்லை.

இரண்டு பேரையும் கூப்பிட்டேன். முத்து பொய் சொல்லலை, பாருங்க என்று மட்டும் சொல்லி, சத்தத்தை வைத்து ஓட்டினேன். நான் லேப்டாப்பைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன். என் "கண்டிப்பா" வந்தபோது உமா என் பக்கம் திரும்பியது தெரிந்தது. பாதியில் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை.

மாமா கடைசி வரை பார்த்தார். "என்னத்துக்கு ரெண்டு தடவை சொல்லுதான்?" என்று கேட்டார்.

நான்தான் சொல்லச் சொன்னேன் மாமா, படம் தெளிவா இல்லைன்னு என்றேன். இதைச் சொல்லி முடிப்பதற்குள் உடம்பெல்லாம் கூசிவிட்டது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நேத்து புள்ள சோறு திங்காமப் போய்ட்டானே" என்றார். அவ்வளவுதான்.

போன் போட்டார். முத்து எடுக்கவில்லை.

18 நவம்பர், செவ்வாய்

குளிர் ஆரம்பித்துவிட்டது. மாமாவுக்கு என் மஃப்ளர்.

ஆபீஸ் போய் ராகேஷிடம் கேமராவைக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுதிக் கொடுத்தது: தோல் நிறம் மிக நன்று. இருட்டில் பரவாயில்லை. வேகமாகத் திருப்பினால் சாய்கிறது. குனிந்தால் முகத்தை விட்டுவிடுகிறது. வாங்கலாம். ராகேஷ் ஒரே சந்தோஷம், முதல் படம் என்ன கதை என்றான். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முனிர்கா கிளிப்பை அவனுக்குக் காட்டவில்லை.

பிறகு மாமாவும் நானும் அந்தப் பல் டாக்டர் இடத்துக்கு. முத்து கிளிப்பில் பெயர் சொல்லியிருக்கவில்லை, அவன் அறைக்கு எதிரே இஸ்திரி போடுகிறவர்தான் வழி காட்டினார். மெட்ரோ பக்கம், மாடியில் சின்ன க்ளினிக். முத்து மேஜைக்குப் பின்னால், கழுத்தில் அட்டை, யாரிடமோ இந்தியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆட்கள் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். முத்து நிமிர்ந்து பார்த்தான். எழுந்துவிட்டான். அவன் கிட்டே வரும் வரை மாமா காத்திருந்தார்.

"சாப்ட்டியால?" என்றார்.

இல்லப்பா என்றான். இருவரும் கீழே போனார்கள். நான் பின்னாலேயே போகவில்லை. எந்த முகத்தோடு போவது. எதிர்ப்பக்கம் ஏ.டி.எம். வாசலில் நின்றேன். டீக்கடை பெஞ்சில் இரண்டு முதுகும் தெரிந்தன. மாமாவின் கை அவன் தோளில் கொஞ்ச நேரம் இருந்தது.

அப்புறம் முத்து ரோட்டைத் தாண்டி என்னிடம் வந்தான். டீ கொண்டுவந்திருந்தான். வாங்கிக்கொள்ளக் கை எழவில்லை. காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. நீ சொன்னப்ப நான் கேக்கவே இல்லை முத்து, ஒரு வார்த்தைகூட என்றேன்.

"தெரியும் அத்தான். ரெண்டாந்தடவை சொல்லச் சொன்னீங்கள்லா, அப்பவே தெரிஞ்சிட்டு."

பின்னே ஏன் என்னை நம்பினாய் என்று கேட்டேன். டீயை என் கையில் திணித்தான்.

"நீங்க கண்டிப்பான்னு சொன்னீங்கள்லா. தெரிஞ்சும், கேட்டுத்தான் சொன்னீங்கன்னு நானா நெனச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் நல்லாத் தூங்குனேன் அத்தான்."