கல்குடா சவாரியும் என் கையெழுத்தும்

ஜூலை 30, 2023 – ஞாயிறு

எங்கள் ஹந்தானையில் விடியும்போதே மழை. பஸ் பிந்தி, குண்டசாலைக்குப் போய்ச் சேர எட்டரை ஆகிவிட்டது. கமலாசனி எனக்கு முன்பே வந்து லாயத்தைத் திறந்து, மிளகுக்குத் தீனியும் வைத்துவிட்டாள். மிளகு சாம்பல் நிறப் பெண் குதிரை. ஜமால்தீன் ஹாஜியாருடையது. இங்குள்ள எல்லாக் குதிரைகளும் அவருடையவைதான். ஆனால் மிளகைப் பழக்கியது நான்.

இன்று முழுக்கக் கல்குடாப் பேச்சு. ஆகஸ்ட் பத்தில் அங்கே எங்கள் முதல் சவாரி கிளம்புகிறது. நான்கு நாள், கடற்கரையில், குதிரையில். விளம்பரத்தில் "நன்றாகச் சவாரி தெரிந்தவர்களுக்கு மட்டும்" என்று போடச் சொன்னது நான்.

"அப்பிடிப் போட்டா ஆர் வருவினம், சந்திரி?" என்றாள் கமலா.

படத்தில் பார்ப்பவர்களுக்குக் கடற்கரை மெத்தை மாதிரி இருக்கும். அலை தொட்டுப் போகிற ஈரப் பட்டை மட்டும்தான் குதிரைக்கு உறுதியான தரை. அதற்கு மேலே காய்ந்த மணலில் கால் புதையும், நரம்பு இழுபடும். வெட்டவெளியைப் பார்த்தால் எந்தக் குதிரைக்கும் ஓடத்தான் தோன்றும். சேணத்தில் உட்கார்ந்தபடியே அதை அடக்கத் தெரியாதவர் அங்கே ஏறக்கூடாது. ஆகவே யார் வந்தாலும் முதலில் குண்டசாலை மைதானத்தில் நான் சோதிப்பேன். என் கையெழுத்து வைத்த தாள் இருந்தால்தான் கல்குடா. இது நானும் கமலாவும் சேர்ந்து போட்ட விதி.

சவாரி சரிவந்தால் கல்குடாவை ஒருவர் பொறுப்பில் விடப்போவதாக ஹாஜியார் சொல்லியிருக்கிறார். நாங்கள் சிரித்துக்கொண்டோம். ஒருவர் என்ன, இரண்டு பேரும்தான். அவள் கந்தோரில் கணக்கு எழுத வந்தவள், நான் லாயம் கூட்ட வந்தவள். பன்னிரண்டு வருடம். அவளுக்குக் குதிரை ஏறப் பழக்கியது நான். எனக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பழக்கியது அவள்.

ஆகஸ்ட் 2 – புதன்

தெல்தோட்டையில் சித்தப்பா தவறிவிட்டார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டியிருந்தது. பஸ் ஏறும் இடத்துக்குக் கமலா ஓடி வந்தாள், கையில் ஐந்து சோதனைத் தாள்.

"நீ வரப் பிந்தினா வேலை நிண்டுபோகும். கீழ கையெழுத்தை மட்டும் வை. நீ சோதிச்ச பிறகு நான் நிரப்புறன்."

முழங்காலில் வைத்து ஐந்திலும் போட்டுக் கொடுத்தேன். பஸ் நகர்ந்த பிறகும் கை காட்டிக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்ட் 6 – ஞாயிறு

ஊரிலிருந்து நேற்றே திரும்பிவிட்டோம். இன்று ரொறன்ரோவிலிருந்து வந்த நான்கு பெண்களைச் சோதித்தேன். எல்லோரும் யாழ்ப்பாணத்து ஆட்கள், ஐம்பது தாண்டியவர்கள், அங்கே ஒரே சவாரிக் கழகம். மூன்று பேர் அருமை. குதிரைக்கு இவர்கள் முதுகில் இருப்பதே தெரியாது.

நான்காவது ஆள் பத்மாதேவி. "இருவது வருஷமா ஓடுறனான்" என்று சொல்லிக்கொண்டுதான் ஏறினார். நடையில் அழகு. கொஞ்சம் வேகமான ட்ரொட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேன்டர் பாய்ச்சலுக்கு விட்டதும் முழங்காலால் இறுக்கிப் பிடித்து, முன்னால் குனிந்து, கடிவாளத்தில் தொங்கினார். குதிரை வாயைப் பிளந்தது. சட்டென்று நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். அதன் கழுத்தில் போய் விழுந்தார்.

ஒளிக்காமல் அவரிடமே சொன்னேன். "மேடம், கடற்கரைல நீங்க நடையில மட்டும் வாங்க. நான் பக்கத்துலயே வர்றேன். ஓட்ட வேணாம்." முகம் சிவந்தது. "சரி பிள்ளை" என்றார், என்னைப் பார்க்காமல்.

புதுத் தாள் எடுத்து என் கையாலேயே எழுதினேன்: நடை மட்டும். கமலா வாங்கிப் பார்த்தாள்.

"அவதான் மற்ற மூண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தவ. அவ கோவிச்சா எல்லாரும் திரும்பிப் போவினம். முதல் சவாரியே நிண்டுடும்."

"நின்னா நிக்கட்டும். அந்தம்மா விழுந்தா யாரு பதில் சொல்றது?"

தாளைக் கோப்பில் வைத்தாள். பிறகு, "ஓம், நீ சொல்லுறதுதான் சரி" என்றாள்.

ஆகஸ்ட் 9 – புதன்

லாயத்தில் ஒரு கிழட்டுக் குதிரைக்கு வயிற்று வலி. இரண்டு மூன்று நாளைக்கு யாராவது கூடவே நின்று நடத்த வேண்டும் என்கிறார் டொக்டர். நான் நிற்கிறேன், சவாரியைக் கமலா கொண்டுபோகிறாள். ஹாஜியாரின் தம்பி மகள் பாயிஸா துணைக்கு. பத்மாதேவிக்கு மிளகைக் கொடுக்கச் சொன்னேன். நடையில் போக அதைவிட அமைதியான குதிரை எங்களிடம் இல்லை.

"நடை மட்டும், எனக்குத் தெரியும். நீ யோசிக்காத" என்றாள் கமலா.

ஆகஸ்ட் 10 – வியாழன்

லொறி ஐந்து மணிக்கே போய்விட்டது. எனக்கு ஏனோ இன்று முழுதும் வேலை ஓடவில்லை.

ஆகஸ்ட் 12 – சனி

காலை ஒன்பதரைக்குப் பாயிஸாவின் போன். அழுகையில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"அக்கா, பத்மாதேவி மேடம் விழுந்துட்டாங்க. எழும்ப ஏலாம கெடக்காங்க. அம்புலன்ஸ் வருது."

மீனவர்கள் கரைவலை இழுக்கிற நேரம். மணலுக்குக் குறுக்கே கயிறு கிடந்திருக்கிறது. மிளகு அதைக் கண்டு பாய்ச்சலிலிருந்து அப்படியே நின்றிருக்கிறது. அவர் அதன் தலைக்கு மேலால் போய் விழுந்திருக்கிறார்.

"பாய்ச்சலா? அவங்க ஏன் பாய்ச்சல்ல போனாங்க?"

"கமலாக்காதான் எல்லாரையும் விடச் சொன்னாங்க. தாள்ல ஓடலாம்னு ஈக்குதுன்னு சென்னாங்க."

இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறதாம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரி. மிளகின் முன்னங்காலைக் கயிறு அறுத்திருக்கிறது.

எந்தத் தாள்?

ஆகஸ்ட் 13 – ஞாயிறு

லொறி வந்தது. மிளகு மூன்று காலில் இறங்கியது. முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி, தொட்டால் கொதிக்கிறது. டொக்டர் வந்து கட்டுப் போட்டார். நரம்பு என்கிறார், இப்போது ஒன்றும் சொல்ல முடியாதாம்.

கமலா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். தாளைப் பற்றிக் கேட்க வாய் திறந்தேன். "எல்லாம் பிறகு கதைப்பம். நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து சமாளிப்பம்" என்றாள். அவள் அழுத அழுகையில் நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14 – திங்கள்

ஹாஜியார் இருவரையும் கந்தோருக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள்.

"மகள், இது ஒங்கட கையெழுத்துத்தானே?"

"ஆமா ஹாஜியார்."

"அப்ப அந்தப் பொம்புளைக்கி எல்லா வேகத்துலயும் ஓடலாம்னு ஏன் எழுதினீங்க?"

ஆங்கிலத்தில் நிரப்பியிருந்தது. எங்கள் தாள்களை நிரப்புவது எப்போதும் கமலாதான், ஆகவே அவள் எழுத்து அதில் இருப்பதை யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். நான் கைப்பட எழுதிய தாள் கோப்பில் இல்லை. பஸ் ஏறும்போது முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்தது.

அவள் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். "கமலா, நீயே சொல்லு" என்றேன்.

அவள் ஹாஜியாரைப் பார்த்துச் சொன்னாள்: "சந்திரிகாதான் சோதிச்சவ. நான் தாளைப் பாத்துத்தான் கூட்டிக்கொண்டு போனனான்."

சந்திரிகா! பன்னிரண்டு வருடத்தில் அவள் வாயில் என் முழுப் பெயர் இன்றுதான்.

வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேட்டது. ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்ச நாளைக்கி ஊட்டுல இரிங்க மகள்" என்றார்.

மிளகின் கட்டை மாற்றக்கூட விடவில்லை.

ஆகஸ்ட் 15 – செவ்வாய்

எப்புடிடி கமலா முடிஞ்சிச்சி ஒனக்கு? சனிக்கிழமை அந்தம்மா விழுந்த நேரம் தாள் ஒன் பையில இருந்திச்சி. ஞாயித்துக்கிழமை என்னைக் கட்டிப்புடிச்சி அழுத நேரமும் இருந்திச்சி. அழுதுக்கிட்டே யோசிச்சியா, நாளைக்கு இவ தலையில போடுறதுன்னு?

சாப்பிடவில்லை. அம்மா சோற்றை மூடி வைத்தாள்.

ஆகஸ்ட் 18 – வெள்ளி

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடி பஸ் தரிப்பிடத்தில் காத்திருந்து கமலாவைப் பிடித்தேன். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஓடவில்லை.

"ஏன்டி?" அவ்வளவுதான் என்னால் கேட்க முடிந்தது.

"நான் வேணுமெண்டு செய்யேல்ல, சந்திரி. பத்மாதேவி எனக்கு முன்னால அழுதவ, தன்னை மட்டும் விட்டுட்டுப் போகவேண்டாம் எண்டு. விழமாட்டா எண்டுதான் நினைச்சன்."

"சரி, விழுந்துட்டாங்க. அப்புறம்?"

"பயந்திட்டன். உன்னையெண்டா ஹாஜியார் மன்னிப்பார். நீ பழக்கின குதிரையள் அவருக்கு வேணும். என்னை நிப்பாட்டிப்போடுவார்."

"அப்ப இப்ப போயி உண்மைய சொல்லு."

"ஏலாது."

குண்டசாலை பஸ் வந்தது. ஏறினாள். யன்னலோரம் இருந்தும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு நிமிடம் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஆகஸ்ட் 22 – செவ்வாய்

பத்மாதேவியைக் கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருப்பதாகப் பாயிஸா சொன்னாள். பெரஹரா தொடங்கிவிட்டதால் ரோட்டெல்லாம் அடைப்பு. பாதித் தூரம் நடந்தே போனேன். என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் என்னைத் திட்டி வெளியே அனுப்பினால் அதுவும் சரி என்று நினைத்தேன்.

படுத்தபடியே என்னைக் கண்டு கையை நீட்டினார்.

"வாரும் பிள்ளை. நீர்தான் அண்டைக்கே சொன்னனீர் எல்லே, ஓடவேண்டாமெண்டு."

கட்டிலோரக் கதிரையில் உட்கார்ந்தேன்.

"பிறகு மற்றப் பிள்ளை வந்து, சந்திரிகா திரும்ப யோசிச்சு ஓமெண்டிட்டா எண்டு சொன்னவ. எனக்குச் சந்தோசம். ஏன் மனம் மாறினது எண்டு நான் உம்மட்டக் கேக்கேல்ல. கேட்டா நீர் வேண்டாமெண்டு சொல்லிப்போடுவீர் எண்டு பயம்."

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நானும் பொய்தான் சொன்னனான். கடைசியாக் குதிரை ஏறி பதினொரு வருஷம். அவை மூண்டு பேருக்கும் முன்னால சொல்ல வெக்கமாக் கிடந்தது."

நானும் மறைக்கவில்லை. எழுதாத தாளில் கையெழுத்து வைத்தது நான் என்று சொன்னேன். அந்தத் தாள் இல்லையென்றால் கமலாவால் இதைச் செய்திருக்க முடியாது. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"உங்கட முதலாளியின்ர நம்பரைத் தாரும்" என்றார்.

நான் கேட்கவில்லை. அவராகவே கேட்டார்.

ஆகஸ்ட் 25 – வெள்ளி

ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். காரைக் கீழே ரோட்டில் விட்டுவிட்டு, மலைப் படி எல்லாம் ஏறி, மூச்சு வாங்க. எழுபது வயது. அம்மா கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

"கமலாசனி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா. அந்தப் பொம்புள போன்ல பேசினத்துக்குப் பொறகு அவளுக்கு வேற வழி இல்ல. நேத்தே போயிட்டா." தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் ஒங்கள்ட்ட கேட்டிருக்கணும் மகள். தாளைப் பாத்தே முடிவு பண்ணிட்டேன்."

"தாள்ல கையெழுத்து என்னோடதுதானே ஹாஜியார்."

"அதுவும் பிழதான்," என்றார். அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது.

கல்குடாப் பொறுப்பை எடுக்கச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு அம்மா, "ஏம்மா, நல்ல சேதிதானே, மொகம் ஏன் இப்புடி இருக்கு?" என்று கேட்டாள். நல்ல செய்திதான். வேலை திரும்பிவிட்டது, பெயரும் திரும்பிவிட்டது. இதைச் சொல்லச் சந்தோசமாய் ஓடிப்போகும் இடம் கமலாவின் கந்தோர்தான்.

ஆகஸ்ட் 28 – திங்கள்

மிளகு இனி மணலில் ஓடாது. மைதானத்தில் நடக்கலாம், பிள்ளைகளை ஏற்றலாம். டொக்டர் இதை மெதுவாகத்தான் சொன்னார். கட்டை நானே மாற்றினேன்.

கல்குடாவை எடுக்கிறேன் என்று ஹாஜியாரிடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 3 – ஞாயிறு

கமலாவிடமிருந்து போனில் நீளமாக ஒரு செய்தி. கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறதாம். மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். பழைய நாட்களை எல்லாம் எழுதியிருக்கிறாள். ஒன்றும் பொய்யில்லை. இரண்டு முறை வாசித்தேன். பதிலுக்கு "கமலா" என்று எழுதினேன். அதற்கு மேல் வரவில்லை. அழித்துவிட்டேன்.

செப்டம்பர் 17 – ஞாயிறு, கல்குடா

கடல் அமைதியாக இருக்கும் பருவம் முடியுமுன் ஒரு சவாரி. ஐந்து பேர், ஐவரையும் குண்டசாலையில் இரண்டு தரம் சோதித்தேன். விடியற்காலையில் நடந்தே போய்க் கரைவலைக்காரர்களிடம் பேசினேன். வலைக் கயிறு கரையேறும் வரை காத்திருந்து, பிறகுதான் குதிரைகளை இறக்கினோம்.

நல்ல சவாரி. கடல் தட்டையாக இருந்தது. ஈரப் பட்டையில் ஐந்து குதிரையும் ஒரே வரிசையில் பாய்ந்தன. ஒருவருக்கும் காலிலிருந்து அங்கவடி நழுவவில்லை. திரும்பி வந்ததும் ஒரு பெண் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சந்தோசத்தில்.

முன்னால் நான், கடைசியில் பாயிஸா. கடைசியில் வருபவள்தான் எல்லோரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாயிஸா கெட்டிக்காரி, இன்று ஒரு பிழையும் விடவில்லை. இத்தனை வருடம் குண்டசாலைச் சவாரிகளில் அந்த இடத்தில் கமலா வருவாள். அவள் பின்னால் இருக்கிறாள் என்றால் நான் முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டு போவேன், திரும்பவே மாட்டேன்.

இன்று எத்தனை தரம் திரும்பிப் பார்த்தேன் என்று தெரியாது. கழுத்தின் வலப் பக்கம் பிடித்துக்கொண்டுவிட்டது. தைலம் போட்டிருக்கிறேன்.