பெயர்கள் ஓடி முடியும்வரை

அன்புத் தம்பிக்கு,

உன் காமிக்ஸில் வரும் சாம்பல் மனிதனைப் படமாக எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷனில் போஸ்டரைப் பார்த்த அப்பா, "இது தம்பி படிக்கிற ஆளுதானே? போலாமா?" என்று அவராகவே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் தியேட்டரில் பார்த்தோம்.

காமிக்ஸில் அவன் ஊரைக் கொளுத்துவான், சிரிப்பான், அவ்வளவுதான். படத்தில் அவனுக்கு ஒரு வீடு இருக்கிறது. மகனை விரட்டிய அன்று இரவு, பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்து வைக்கிறான். பிறகு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறான். எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போதெல்லாம் ஒரு வில்லனைக்கூட நிம்மதியாக வெறுக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

அப்பா பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டார்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும், "போலாம்பா" என்று எழுந்தேன்.

"இரும்மா. பேரெல்லாம் முடிஞ்சப்புறம் இன்னொரு சீன் வரும்லா. தம்பி சொல்லியிருக்கான்."

நீ பள்ளியில் படித்தபோது அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பாயே, அதைத்தான் சொல்கிறார். வீட்டில் உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்றவர், அந்த அரையிருட்டில் அவரே மறுபடியும் எடுத்தார்.

பெயர்கள் முடிந்தன. திரையில் ஒன்றும் வரவில்லை. விளக்கைப் போட்டார்கள். துடைப்பத்தோடு வந்த பெண் எங்கள் வரிசைவரை பெருக்கிவிட்டாள். அப்பா திரையைப் பார்த்தபடியே, அவள் பெருக்குவதற்காகக் கால்களை மட்டும் தூக்கிக்கொண்டார்.

உன் அக்கா