அத்தானின் துவக்குப் புத்தகங்கள்

அன்பும் அளவுக்கு மீறிய பொறுமையும் கொண்ட என் அத்தானுக்கு,

யாருமே நம்பமாட்டாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். லண்டன் ஆர்ச்வே கோயில் முருகன் மேல் ஆணை. நான் அந்தப் பக்கம் போய்ப் பல காலமானதால் என் ஆணையை அவர் ஏற்பாரோ தெரியாது.

உங்கள் பழைய துவக்குப் புத்தகங்களை, அந்த வேட்டைத் துப்பாக்கி இதழ்களை, மேலறையிலிருந்து இறக்கிவிட்டேன். அறுநூறு பெட்டிகள். கடைசிப் பெட்டி இறங்கியதும் பாரம் குறைந்து நம் வால்தம்ஸ்டோ ஊரே ஒரு முழம் மேலே எழும்பியது. பஸ்ஸுக்கு நின்ற சனம் ஏணி கேட்டு அலைந்தது. முன்பெல்லாம் இப்படிக் கதை அளக்கும்போது எனக்கே சிரிப்பு வரும். இப்போது வாய் தன்பாட்டில் அளக்கிறது, நான் பக்கத்தில் நிற்கிறேன்.

நான் அழவில்லை, அத்தான். நீங்கள் போய்விட்டதை அக்கா போனில் சொன்னபோது "ஓம், சரி" என்றேன். பிறகு தேத்தண்ணீர் ஊற்றினேன். செத்தவீட்டில் நீங்கள் சிங்கத்தோடு மல்லுக்கட்டிய வரலாற்றை எடுத்துவிட்டேன். தோர்ண்டன் ஹீத்திலிருந்து வந்த சொந்தக்காரர் இரண்டு பேர் நம்பியும்விட்டார்கள். வாழ்நாளில் துவக்கைத் தொட்டே பாராத மனிதர் நீங்கள்.

தொடாத மனிதருக்கு அந்தப் பழைய இதழ்களிலும் ஆண்டு மலர்களிலும் அப்படி என்ன இருந்தது? தைத்த கம்பி துருப்பிடித்த நடுப்பக்கம். மெல்லிய தாள் போர்த்திய வண்ணப்படம். வால்நட் மரத்தில் கடைந்த துவக்குப்பிடி, அதன் கீழே படுத்திருக்கும் நாய். காலில் போடும் சப்பாத்துக்குள் தண்ணீர் போகாமல் இருக்க என்ன பூசுவது என்று மூன்று பக்கக் கட்டுரை. சனிக்கிழமை மத்தியானங்களில் நீங்கள் அதைத் தமிழில் உரத்து வாசிப்பீர்கள். அதை எழுதிய, ஓய்வுபெற்ற ஆங்கிலேயப் பட்டாளத்துக் கேணல் உங்கள் வாயில் யாழ்ப்பாணத்துக் கோபக்காரப் பெரியவர் ஆகிவிடுவார். ஒருநாள் கேட்டேன், ஏன் இதெல்லாம் என்று. "இந்தத் துவக்குகள் ஆக்களைச் சுடாது, தம்பி. வாத்தைத்தான் சுடும். அதிலையும் அரைவாசி தப்பிப் போகுது" என்றீர்கள்.

எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று உங்களுக்குப் பிடித்ததெல்லாம் இலையில் படைத்தோம். மீன்குழம்பு, வடை, சின்னப் போத்தலில் பிராந்தி. நான் பக்தியோடு ஓர் ஆண்டு மலரையும் வடைக்குப் பக்கத்தில் வைத்தேன். அட்டையில் இரட்டைக்குழல் துவக்கு பளபளத்தது. அக்காவின் முகம் மாறிவிட்டது.

"உந்தப் புத்தகத்தை எடடா."

"அவருக்குப் பிடிச்சதெல்லே, அக்கா?"

"பிராந்தியும் பிடிக்கும், வைச்சிருக்கிறன். துவக்குக்கு இலை போட ஏலாது. ஊரிலை என்ரை வாசலிலை உண்மையான துவக்கு வந்து நிண்டதைப் பாத்தனான். அவர் இருக்குமட்டும் பொறுத்தன். வெள்ளிக்கிழமை பழைய சாமான் ஏத்த கவுன்சில் வான் வருது. எல்லாம் போகட்டும்."

நான் ஒரு கதையும் அளக்காமல் மலரை எடுத்தேன். நான் சொன்ன பொய்களிலேயே பெரியது இதுதான் என்று நினைப்பீர்கள். ஆனால் அக்கா சொன்னது சரி.

வியாழக்கிழமை பெட்டிகளை வாசலருகே அடுக்கிக்கொண்டிருந்தேன். கை வேலை செய்தது, மனம் எங்கேயும் போகவில்லை. அக்கா வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

"அப்பிடி என்னத்தை ரெண்டுபேரும் உதுக்குள்ளை வாசிச்சனீங்கள்?"

மேலே கிடந்த இதழை எடுத்து, உங்கள் குரலிலேயே வாசகர் கடிதம் ஒன்றை வாசித்தேன். "ஆசிரியர் ஐயா, நான் நல்ல சாதி வேட்டை நாய் ஒண்டு வாங்கினனான். துவக்கை எடுத்தால் போதும், சோபாவுக்குக் கீழை பூந்திடும். இறைச்சி காட்டினாலும் வராது. என்ரை மனுசி நாய்க்குத்தான் சப்போர்ட். நான் என்ன செய்ய?"

அக்கா சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"பாவம். நாங்கள் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ளை கிடந்த மாதிரி." என் கையிலிருந்த இதழை எட்டிப் பார்த்தார். பிறகு, "ஆசிரியர் என்ன சொன்னவர்?"

"அது அடுத்த இதழிலைதான் வரும், அக்கா."

"அப்ப அதை எடன்."

எடுப்பதா? நீங்கள் அடுக்கிய ஒழுங்கு உங்களுக்கும் அந்த முருகனுக்கும் மட்டுமே தெரியும். நிலத்தில் உட்கார்ந்து தேடினோம். அக்கா துவக்குப் படம் தெரியாமல் ஒவ்வொரு அட்டையையும் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே பார்த்தார். கிடைக்கவில்லை. மறுநாள் கவுன்சில் வான் வந்தபோது பழைய மெத்தையை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டார். "உதுகளைப் பிறகு பாப்பம்" என்று என்னிடம் சொன்னார்.

இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவேன், அத்தான். ஒரு நாளைக்கு ஒரு பெட்டிதான் திறப்பேன். சப்பாத்துக் கட்டுரைகூட விடாமல் முழுதாக வாசிப்பேன். அந்த அடுத்த இதழை மட்டும் அவசரப்பட்டுக் கண்டுபிடிக்கமாட்டேன். அதைத் தேடும்வரை அக்கா பெட்டிகளை அனுப்பமாட்டார். இது என் வாக்கு.

மற்றப்படி, பெட்டிகள் அறுநூறு இல்லை. வால்தம்ஸ்டோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. சிங்கம் என் கைச்சரக்கு. அக்கா நாயைப் பற்றிக் கேட்டது மட்டும் உண்மை. நேற்றும் கேட்டார்.

இப்படிக்கு,
அக்காவைக் கட்டித்தந்த நாள்தொட்டு உங்களுக்குத் தொல்லையாகவே வாய்த்த மச்சான்