இன்னொரு பட்டன்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வேளைக்குச் சோறு போடுகிறார்கள். அழாதே.

பேசித் தீர்க்கத்தான் முதலாளியை மெஷினருகே கூப்பிட்டோம். பன்னிரண்டு மணி நேர வேலையை எட்டாக்குங்கள், தகடு வெட்டும் மெஷினில் ஒட்டிய டேப்பைப் பிரியுங்கள், இவ்வளவுதான் கேட்டோம். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் கத்தி இறங்க வேண்டும். வேகத்துக்காக ஒன்றை டேப் போட்டு அமுக்கி வைத்திருக்கிறார்கள். உனக்குத் தெரியாததா? உன் தம்பியின் விரல்கள் அதில்தானே போயின.

"தூங்கி வழிஞ்சு கைய விட்டான், அதுக்கு நான் என்ன பண்றது? டேப்பு யாரையும் கடிக்காது, பாருங்கடா!" என்று சொல்லி முதலாளி, ஓடுகிற மெஷினில், கத்திக்கு அடியில், தன் கையை நீட்டிச் சிரித்தார்.

இன்னொரு பட்டன் என் கைக்கடியில் இருந்தது.

ரத்தம் என் வாய்வரை தெறித்தது. அவர் போட்ட அலறலில் மோட்டார் சத்தமே கேட்கவில்லை. டேப்பை ஒருவழியாகப் பிரித்துவிட்டார்கள். சாட்சிக்காகப் போலீஸ்காரர்கள் பிரித்தார்கள்.

யார் கேட்டாலும், பழக்கத்தில் கை பட்டுவிட்டது என்று சொல். வக்கீலிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஜெயிலிலிருந்து விடுதலையாகிப் போகிறவர் கையில் ரகசியமாகக் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் இதை அடுப்பில் போடு.

உன் தம்பியிடம் மட்டும் சொல்: மாமா அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அழுத்தினார்.

உன் வீட்டுக்காரன்