இரண்டாவது போட்டோ

கருமத்தம்பட்டி,
ஞாயிறு

அன்புக் கண்ணு மதிவதனிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், ஆனால் ஜெர்மனியிலிருந்து வந்து என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் நம்புவேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. உன் தம்பி ரூபன் பைக் வாங்கியதிலிருந்து வீடு தங்குவதில்லை. ஆராய்ச்சி முடியாமல் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

உன் ஆராய்ச்சிக்காகப் பாதிரியார் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியை, அந்தக் காலத்தில் நம் ஆட்கள் போனது ஒன்று, இந்தக் காலத்தில் போவது ஒன்று என்று இரண்டு போட்டோ கேட்டாய். நான் இரண்டுக்கும் இட்டேரியையே எடுத்து அனுப்பிவிட்டேன். ஏம்மா, ஊர்த் தெரு நேரா இருக்கறப்போ காட்டு வேலிக்குள்ள சுத்தற வழிய எதுக்கு அனுப்புன என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன், சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பாய். என் பாட்டியின் பாட்டி சின்னத்தாயி அங்கே படித்த முதல் பெண். ஊர்த் தெருவில் நம் ஆட்களை நடக்க விடாததால் சிலேட்டை மடியில் மறைத்துக்கொண்டு இட்டேரியில் போனாள், அது சரி. இன்று யார் தடுக்கிறார்கள்? பஸ்ஸே ஊர்த் தெருவில்தான் திரும்புகிறது. ஆனாலும் என் அம்மா என்னை இட்டேரியில்தான் அனுப்பினாள், நானும் உன்னை அதே முள்ளுக்குள்தான் கூட்டிப்போனேன். கால் பழகிவிட்டது கண்ணு, ஏன் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

நேற்று செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்த் தெரு வழியாகவே பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தேன். யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே போனேன். பாலகோபால் நாயுடு வீட்டு ராமாமணி அம்மா வாசலில் நின்று, ஏனுங்க ராசம்மா, பொண்ணு எப்ப வருதுங்க என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. படிப்பு முடிஞ்சதும் வந்துருவாளுங்க என்று சொல்லிவிட்டு நடந்தேன். இவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிற வழியில் உன்னை ஒருநாளாவது கூட்டிப்போனேனா என்று நினைத்ததும் பள்ளிக்கூடத்து கேட்டருகில் நின்று அழுதுவிட்டேன். பிடித்துக்கொள்ள உன் கை இல்லாமல் அந்தத் தெருவில் திரும்பி நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

குளிருக்குக் காதை மூடிக்கொள், காலையில் பட்டினி கிடக்காதே. மாதா உன்னை நோய் நொடியில்லாமல் காக்கட்டும், எடுத்த படிப்பை நல்லபடியாக முடி. அந்த இரண்டாவது போட்டோவை மட்டும் அழித்துவிடு. வேறு எடுத்து அனுப்பமாட்டேன். நீ வா, நாம் இரண்டு பேரும் ஊர்த் தெருவில் நடக்கும்போது ரூபன் எடுக்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
ராசம்மாள்