ஏழாவது மாடிக்கு ஒதுக்கப்பட்டவர்

ஜூன் 3

காலையிலேயே வெயில். பாத்திரமெல்லாம் இரண்டு கோணியில் கட்டியாயிற்று. கிரைண்டர், மிக்ஸி, இவருடைய வாக்கர் தனியாக. இவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து பெயின்டிங் வேலையும் இல்லை, பேச்சும் குறைவு.

அனகாபுத்தூரில் ஆற்றை அகலப்படுத்தப் போகிறார்களாம். ஏரியைத் திறந்துவிட்டால் தண்ணீர் போக வழி வேண்டுமாம். வெள்ளம் வந்த வருஷம் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவர்கள் நாங்கள், எங்களுக்குத் தெரியாதா? ஆனால் ஆற்று வளைவில் நிற்கும் அந்த அடுக்குமாடிக்கு ஏன் இடிப்புக் கோடு போடவில்லை? கேட்டேன். "அது வேற சர்வே நம்பர்மா" என்றார் கோடு போட்டவர்.

மதியம் ஜேசிபி. முதலில் விழுந்தது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவின் சுவர். அக்கா அழவில்லை. "டைல்ஸ் போட்டு ஒரு வருஷம் கூட ஆவல" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 4

பெரும்பாக்கம். இடித்த வீட்டுக்குப் பதிலாக அரசு கொடுத்த குடியிருப்பு. குலுக்கலில் எங்களுக்கு ஏழாவது மாடி. ஸ்டெல்லா அக்காவுக்கு அதே பிளாக்கில் தரைத்தளம். லிஃப்ட் ஓடவில்லை. தெருப் பையன்கள் இவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பாதியில் இறக்கி மூச்சு வாங்கினார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டார். வலியா, வெட்கமா, கேட்கவில்லை.

ஜூன் 6

குடியிருப்பு ஆபீசில் இவருடைய டாக்டர் சீட்டைக் காட்டினேன். "கீழ் வீடெல்லாம் குடுத்தாச்சும்மா. யாராவது மாத்திக்க ஒத்துக்கிட்டா கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்."

மேலே தண்ணீர் ஏறவில்லை. இரண்டு நடை குடம். முழங்கால் வலி.

ஜூன் 7

ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டேவிட்டேன்.

"நீ கேப்பேன்னு தெரியும் கலா. நானும் அதான் யோசிச்சினு கீறேன். கீழ இருந்தாதான் இட்லி கடை போட முடியும். ஏழு மாடி ஏறி எவன் வந்து இட்லி துன்னுவான்? கடை இல்லன்னா என் பொண்ணு காலேஜு இன்னா ஆவும்?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். மேலே வந்து இவரிடம் கத்தினேன், காரணமே இல்லாமல்.

ஜூன் 10

பொழிச்சலூரில் ஒரு வீட்டில் நான் செய்துவந்த சமையல் வேலை போயிற்று. பஸ் மாறி மாறி நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் ஆபீஸ் கிளம்பிவிடுகிறார்கள். "தப்பா நினைக்காதீங்க கலா. பக்கத்துலயே ஒருத்தங்க கிடைச்சிட்டாங்க" என்றார் அந்த வீட்டு அம்மா. மரியாதையாகத்தான் சொன்னார்.

வரும் வழியில் பழைய இடத்தைப் பார்த்தேன். வேலி. அடுக்குமாடி பால்கனியில் துணி காய்கிறது.

ஜூன் 11

மேடவாக்கத்தில் ஒரு மெஸ்ஸுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போனால், நேற்றே எடுத்துவிட்டார்களாம்.

திரும்பி வந்தால் ஸ்டெல்லா அக்கா வாசலில் இவர்! தேங்காய் துருவிக்கொண்டு. ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே இறங்கியிருக்கிறார். உள்ளங்கையெல்லாம் தோல் உரிந்து.

"மேலயே இருந்தா பைத்தியம் புடிச்சிடும் கலா."

எனக்குக் கோபம்தான் வந்தது. எப்படி ஏறுவது?

"ஏற வாணாம்," என்றாள் அக்கா. "ராத்திரி நீங்க ரெண்டு பேரும் இங்க படுங்க. நானும் பொண்ணும் உன் வூட்ல படுத்துக்கறோம். காலைல எறங்கி வந்து கடைய பாத்துக்கறேன். நீயும் கூட நில்லு."

துருவியதை எடுத்துக்கொண்டு சட்னி அரைக்கப் போனேன்.

ஜூன் 14

கடை மூன்றாம் நாள். சட்னி சீக்கிரம் தீர்ந்தது.

ஆபீசிலிருந்து சரிபார்க்க ஒருவர் வந்தார். "ஏழாவது மாடி ஒதுக்கினவங்க இங்க ஏன் இருக்கீங்க? வீடு மாத்தி இருந்தா ரெண்டு ஒதுக்கீடும் கேன்சல் ஆயிடும்."

"ஒத்துக்கிட்டவங்களைக் கூட்டிட்டு வாங்கன்னு உங்க ஆபீஸ்லதானே சார் சொன்னாங்க?"

"அதுக்கு மேலிருந்து ஆர்டர் வரணும்மா. வர்ற வரைக்கும் அவங்கவங்க வீட்ல இருங்க."

ஸ்டெல்லா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சரி சார். இவர ஒரு பக்கம் நீங்க புடிங்க, ஒரு பக்கம் நான் புடிக்கிறேன். மேல கொண்டுபோய் வுட்டுடலாம்."

அவர் படியைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். "சாயந்திரம் வரேன்" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயந்திரம் ஆகிவிட்டது. வானம் மூட்டம். இவர் சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கிறார். வாசலில் ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் கை நிற்கிறது.