வலமாக மட்டும் சுழன்ற ஆண்டுகள்

தங்கையே, உன் மகள் நேற்று உன் ஸ்கேட்டிங் காலணிகளை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். துணிப்பையைப் பிரித்ததும் எண்ணெயும் பழைய தோலும் கலந்த வாடை எழுந்தது. ஒரே திசையில் சுழல்வோரின் சக்கரங்கள் ஒரு பக்கமே அதிகம் தேயும். உன்னுடையவை இரு பக்கமும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தன.

உனக்கு ஒன்பது வயதில், திருவரங்கத்திலிருந்து கைலாசபுரத்துச் சிமெண்ட் ஸ்கேட்டிங் தளத்துக்கு உன்னைப் பேருந்தில் அழைத்துச் சென்றவன் நான். அங்கே பிள்ளைகள் யாவரும் இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தனர். பிரபந்தம் சேவிக்கும் குடும்பத்துப் பெண், கோயிலை வலம்வரும் முறைக்கு மாறாக, அப்பிரதட்சிணமாகச் சுற்றுவதா என்று தடுத்தேன். நீ மறுக்கவில்லை. மற்றவர் கலைந்த பின்பு தளத்தில் இறங்கி, வலமாகவே சுழலவும் தாவவும் கற்றாய். தனியர் பிரிவில் மாநில வெற்றிகள் அப்படியே வந்தன. என் விதி வென்றது என்று நான் எண்ணிக்கொண்டேன்.

பின்னர் இணைப் பிரிவுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். உன் இணை பொன்மலை ரயில் பணிமனையில் வேலை பார்த்தவன். உன்னைவிட இரண்டு வயது இளையவன். இணையர் இருவரும் ஒரே திசையில் சுழல வேண்டும். அவனோ இடமாகவே பழகியவன். உனக்காகத் திசையை மாற்ற முயன்று விழுந்தான். தோள் எலும்பு விலகியது. நான் பார்க்கப் போனபோது, கட்டுடன் எழுந்து நின்றான்.

"நான் மாத்திக்கிறேன் சாமி. அக்கா உங்க பேச்சை மீற மாட்டாங்க. கொஞ்ச நாள்ல பழகிடும்."

வீடு திரும்பியதும் நீ கேட்டாய்: "அண்ணா, அந்தச் சிமெண்ட் தரை நடுவுல எந்தப் பெருமாள் எழுந்தருளியிருக்கார்?"

"பழக்கம் கெட்டா மனசும் கெடும்."

"அவன் தோள் கெட்டுப்போச்சே, அது பரவாயில்லையா? இன்னொரு தடவை விழுந்தான்னா அவனுக்கு வேலையும் போயிடும். நான் பேரை வாபஸ் வாங்கிக்கறேன்."

எல்லா உயிர்க்குள்ளும் அந்தர்யாமியாக இருப்பவன் ஒருவனே என்று பலருக்குப் பொருள் சொன்னவன் நான். அந்தக் கட்டுக்குள்ளும் அவனே நோகிறான் என்பது நீ கேட்கும்வரை எனக்குத் தோன்றியிருக்கவில்லை. நான்காம் நாள் காலை தளத்துக்கு வந்து, "இடமாவே சுத்து" என்றேன்.

"இத்தனை வருஷம் கழிச்சா?" என்று மட்டும் கேட்டாய். இருபத்துமூன்று வயதில், சிறு குழந்தையைப் போல் விழுந்து விழுந்து எல்லாவற்றையும் மறுபடி கற்றாய். அவன் தோள் தேறிய மறு ஆண்டு இணைப் பிரிவில் வென்றீர்கள்; பிறகு நடனப் பிரிவிலும். தனியரில் வலம், இணையில் இடம் என்ற உன் பன்முகத் திறனை வியந்த நிருபரிடம், "எல்லாம் எங்கண்ணா புண்ணியம்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் இருந்த குத்தல் அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

இன்றும் ஆசார முறை கேட்டு என்னிடம் வருகிறார்கள். விடை சொல்லுமுன், அதனால் யாருக்கு நோகும் என்று கேட்டுவிடுகிறேன். சென்ற வாரம், முழங்கால் வீங்கிய ஒரு பெண் பிராகாரத்தில் நின்று, "நேந்துக்கிட்ட சுத்து இன்னும் ரெண்டு பாக்கி இருக்குங்க, உக்காந்தா குத்தமாங்க?" என்றாள். உட்காரும்மா என்றேன். அவள் தயங்கினாள். நான் அவளுக்கு முன்னதாகத் தரையில் அமர்ந்தேன்.